கேமராவுக்கு வாங்கின டேப் என் புருவத்துல

இன்னைக்கு வளவனூர்ல கல்யாண ஷூட். கீறல் விழக்கூடாதுன்னு என் கேமரா முழுக்கத் துணி டேப் சுத்தி வெச்சிருக்கேன்.

குரூப் போட்டோவுல மாப்பிள்ளை பக்கத்துல யார் நிக்கறதுன்னு அவரோட ரெண்டு தாய்மாமனுங்களுக்கும் சண்டை.

"பெரியவன் நான்டா, தள்ளுடா!"

சின்னவர் பெரியவரோட சட்டையைக் கிழிச்சாரு. பெரியவர் சேரைத் தூக்கி வீசினாரு. அது கேமராவுல மோத, கேமரா என் மூஞ்சில மோதுச்சு.

டேப் இருந்ததால கேமராவுக்கு ஒண்ணும் ஆகல. என் புருவம் கிழிஞ்சு ரத்தம் கொட்டுது.

பெரியவரே ஓடிவந்து, என் பையிலிருந்த டேப்பைப் பிய்ச்சு புருவத்துல ஒட்டினாரு. மன்னிப்பு கேப்பாருன்னு பார்த்தேன்.

"தம்பி, நான் சேரைத் தூக்கிக்கினு வர்றது போட்டோல விழுந்துச்சா?"

இப்ப டேப்பை இழுத்தா புருவமும் கூடவே வருது. நாளைக்கு மறுவீட்டு ஷூட்டும் எனக்குத்தான். அவர் மீசையில ஒரு துண்டு ஒட்டி இழுக்கட்டுமா, என்ன சொல்றீங்க?