மணி கேட்கும் மச்சான்

லிஃப்ட் மெக்கானிக்குகளின் தலையெழுத்து விசித்திரமானது. லிஃப்ட் ஓடும்போது அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடும்போது அது ஓடுவதில்லை. ஊர் மொத்தத்தையும் மேலே தூக்கிவிடுகிற அந்த மனிதர்கள் ஆயுசு முழுக்கப் படியேறுகிறார்கள்.

நம் மெக்கானிக்குக்கு வயது நாற்பத்தாறு. போன வருஷம்வரை ஊரிலிருந்த ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தில் மூச்சு வாங்கினால் எங்கெங்கே உட்காரலாம் என்பது அவருக்கு மனப்பாடம். மூன்றாம் மாடியில் ஒரு கண் டாக்டர் வீட்டுச் செருப்பு அலமாரி. ஐந்தில் ஜன்னல் திட்டு. ஏழில் ஒன்றும் கிடையாது, சுவரைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். யாராவது பார்த்துவிட்டால், "நட்டு போல்ட்டு செக் பண்றேங்க" என்பார். படிக்கட்டில் ஏது நட்டு என்று ஒருவரும் கேட்டதில்லை.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உச்சியிலுள்ள மோட்டார் அறையில் சக்கரத்தைக் கையால் திருப்புவார். இன்னொருவர் நடுவழியில் நின்ற லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நிற்பார். கீழிருப்பவர் "மேல" என்றால் மேலிருப்பவர் அதையே உரக்கத் திருப்பிச் சொன்ன பிறகுதான் சக்கரத்தைத் தொட வேண்டும். ஒன்றேகால் வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, முந்தின நாள் சரக்கு தலைக்குள் இன்னும் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்க, நம்மவர் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. சக்கரத்தை மட்டும் திருப்பினார், அதுவும் எதிர்ப்பக்கம். கீழே நின்றது மனைவியின் அண்ணன். மச்சான் காலை உருவிக்கொண்டார். ஷூ தப்பவில்லை.

அப்பளமாகிப்போன அந்த ஷூ கம்பெனிப் பட்டறைச் சுவரில் ஒரு ஆணியில் தொங்குகிறது.

"இனிமே நீங்க அடிப் பள்ளத்துலதான்" என்றார் சூப்பர்வைசர். "உங்க மச்சான் என்னிக்கு சரிங்கறாரோ, அன்னிக்கு மேல போங்க."

லிஃப்டுக்கு அடியிலுள்ள பள்ளத்தில் குடைக் கம்பி, வீட்டுச் சாவி, ஒருமுறை பாதிப் பல் செட் எல்லாம் கிடைக்கும். மோட்டார் முனகுகிற தினுசை வைத்தே நோயைச் சொல்லக்கூடியவர் அதைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

உடனே திருந்தினார் என்றால் கதை சீக்கிரம் முடிந்திருக்கும். அந்த அவமானத்தை மறக்கவே இன்னும் எட்டு மாதம் குடித்தார். பிறகு கண் மஞ்சளாயிற்று. டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், வேறு யாருடைய காகிதமோ வந்துவிட்டதென்று நினைத்தவர்போல மறுபடி பெயரைப் பார்த்தார். ஒரு வாரம் ஆஸ்பத்திரிக் கட்டில். கை உதறியது, வேர்த்துக் கொட்டியது, சுவரில் இல்லாத எறும்புகள் ஊர்ந்தன. அவற்றை எண்ணிச் சலித்து வீட்டுக்கு வந்தவர் அதற்கப்புறம் தொடவில்லை.

போன உடம்பு ஒரேயடியாகத் திரும்பி வராது. ஒவ்வொன்றாக, சொல்லாமல் கொள்ளாமல் வரும். முதலில் தூக்கம் வந்தது. அடுத்தது இனிப்பு ஆசை. மனைவி சர்க்கரை டப்பாவை ஒளித்து வைப்பதும், இவர் கண்டுபிடிப்பதுமாக ஒரு மாதம் ஓடியது. மூன்றாம் மாதம் மூக்கு வந்தது. கொடியிலிருந்து தன் பழைய வேலைச் சட்டையை எடுத்து முகர்ந்தவர் ஆடிப்போனார்.

"இந்தச் சட்டையவா இத்தன வருஷமா துவைச்ச?"

"ஆமா. எனக்கு மூக்கு அப்பவும் இருந்துச்சு" என்றார் மனைவி.

ஐந்தாம் மாதம் வந்ததுதான் வம்பு: தெம்பு. விடியற்காலை ஐந்து மணிக்கு விழிப்புத் தட்டும், செய்ய ஒன்றுமிருக்காது. கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டார். மின்விசிறிகளைக் கழற்றித் துடைத்தார். ஆடாத நாற்காலியை ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்த்து, ஆடவைத்து, சரிசெய்தார்.

"குடிச்சப்பவாவது ஒரு எடத்துல விழுந்து கெடந்தீங்க" என்று தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டார் மனைவி.

ஒரு நாள் ஜன்னல் துடைத்தபடி பாடவும் செய்தார். இருபது வருஷமாக அந்த வீட்டில் பாட்டு என்றால் பாட்டில்தான் பாடும். மனைவி பயந்துபோய் அண்ணனுக்குப் போன் போட்டார். ஆறு மணிக்கெல்லாம் மச்சான் வாசலில்.

"மணி என்ன மாப்ள?"

மச்சான் கையிலேயே கடிகாரம் இருந்தது. ஏழு கடைக்குக் கேட்கும்படி டிக் டிக் என்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் பட்டறையில் தினமும் காலையில் நடக்கிற பரீட்சைதான் இது. மணி கேட்டபடி மூக்கை வாயருகே கொண்டுவருவார். நம்மவரும் வாயை நன்றாகத் திறந்து மணி, நிமிஷம், விநாடிவரை சொல்வார். அன்றும் சொன்னார்.

"வாசனையே வரலியே" என்று தங்கையிடம் கிசுகிசுத்தார் மச்சான். "வாசனை வராத சரக்கு ஏதும் வந்திருக்கா?"

"மச்சான், என்னிக்குத்தான் என்னை மேல விடுவீங்க?"

"கோவிச்சுக்காதீங்க மாப்ள. எனக்கு இருக்கறது ரெண்டே காலு."

மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. நம்பிக்கைதான் வரவில்லை.

ஏழாம் மாதம் அதே ஒன்பது மாடிக் கட்டடத்தில், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே லிஃப்ட் நின்றது. உள்ளே ஆளில்லை, யாரோ ஏற்றிய ஒரு பீரோ மட்டும். மச்சானோடு மேலே போகிறவர் லீவு.

"நான் மோட்டார் ரூமுக்குப் போறேன். நீங்க பெட்டி மேல நில்லுங்க" என்று கிளம்பினார் மச்சான். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர். அதற்கு ஈடாக ஒரு பிஸ்கட் பாக்கெட்டையும் விட்டுவைக்காதவர். கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறிய நம்மவர் மூன்றாம் மாடியில் அவரைப் பிடித்துவிட்டார். மச்சான் கண் டாக்டர் வீட்டுச் செருப்பு அலமாரிமேல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மச்சான், நட்டு போல்ட்டு செக் பண்றீங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க. முட்டி வலி." மூச்சு வாங்கியது. மேலே பார்த்தார். "ஆறு மாடிக்கு நான் சமாளிச்சிடுவேன். ஒம்பது முடியாது. நீங்க போயிடுவீங்களா?"

"போயிடுவேன்."

"சக்கரத்துல மட்டும் கை வைக்காதீங்க. நான் யோசிச்சு சொல்றேன்."

ஐந்தாம் மாடி ஜன்னல் திட்டுக்கு, பழைய கூட்டாளிக்குத் தலையசைப்பதுபோல அசைத்துவிட்டுப் போனார் நம்மவர். ஏழாம் மாடிச் சுவரில் அவருடைய உள்ளங்கை அழுக்கு இன்னும் இருந்தது. ஒன்பது தாண்டி, இரும்பு ஏணியும் ஏறி, மோட்டார் அறையில் நின்றபோதுதான் எங்கும் நிற்கவில்லை என்பது உறைத்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் எண்ணெய் போட்ட மோட்டார் மாதிரி ஒரே சீராக. கையை நீட்டிப் பார்த்தார். விரல்கள் உதறவில்லை. காட்டத்தான் ஆளில்லை.

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். தூக்கம் வந்துவிட்டது, மூக்கு வந்துவிட்டது, மூச்சும் வந்துவிட்டது. மச்சானின் கால் மட்டும்தான் இன்னும் வரவில்லை.

கீழே ஆறாம் மாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. வேறு ஆள் வரட்டும் என்று இருக்கிறாரோ? கம்பிவடங்கள் இறங்குகிற துளையில் காதை வைத்தார். தகரக் கூரை முனகியது. வடம் மெல்ல அதிர்ந்தது. ஒரு ஆளின் கனம்.

"மாப்ள!"

"சொல்லுங்க மச்சான்!"

"ஷூவ கழட்டி வெளிய வச்சுட்டேன். புதுசு!"

"நல்லது மச்சான்!"

"மெயின் ஆஃபா?"

"மெயின் ஆஃப்!"

"ரெண்டு விரக்கட மேல!"

"ரெண்டு விரக்கட மேல!" கட்டடத்துக்கே கேட்டிருக்கும். அப்புறம்தான் சக்கரத்தைத் தொட்டார். இரண்டு விரற்கடை. அரை விரற்கடைகூடக் கூடுதலில்லை.

"போதும்!"

"போதும்!"

கதவுப் பூட்டில் சிக்கியிருந்த உருளையை மச்சான் விடுவித்தார். வெளியே ஏறி, ஆறாம் மாடிக் கதவிலிருந்து குரல் கொடுத்தார்.

"மணி என்ன மாப்ள?"

எப்பேர்ப்பட்ட மூக்கும் எட்டாத தூரம் அது. பழக்கதோஷத்தில் வாயை அகலத் திறந்த நம்மவர், பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன சத்தத்தக் காணோம்? என் வாட்ச்ச ஷூவுக்குள்ள போட்டேன், எடுக்கல."

"பதினொண்ணு இருபது மச்சான்!"

"அப்ப டீ குடிக்கலாம். கரண்ட்ட போட்டுட்டு வாங்க. லிஃப்டுலயே வாங்க."

படியில்தான் இறங்கினார், பாடிக்கொண்டே. ஆறாம் மாடியில் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைலேர்ந்து மேல வாங்க. அந்தப் பாட்ட மட்டும் நிறுத்துங்க. மறுபடி தங்கச்சி போன் பண்ணுவா."