பின்னுக்குப் போகாத கார்

எங்கள் காரைப் பின்னுக்கு ஓட்டக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அப்பா அதைப் புதிதாக வாங்கிக் கொட்டாஞ்சேனைக் கோயிலடியில் தேங்காய் உடைத்த அன்றே போட்டது. நல்ல காரியத்துக்குப் போகிற கார் பின்வாங்கினால் காரியமும் பின்வாங்குமாம். அம்மாவுக்குச் சந்தைக்குப் போவதும் நல்ல காரியம்தான். ஆகவே திருப்ப இடமில்லாத ஒடுங்கிய ஒழுங்கைகளில் காரைக் கையால் தள்ளித்தான் வெளியே எடுப்போம். தள்ளினாலும் பின்னுக்குத்தானே போகிறது என்று கேட்டால், அது ஆட்கள் செய்வது, கார் செய்வதில்லை என்பார். இதற்கு மேல் யார் வாதாடுவது?

அப்பா காலமான பிறகு கார் எனக்கு வந்தது. நான் கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கர். காருக்கு அப்போது ஒரு புது வியாதி. ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர்த் தடி துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும். கியர்ப் பல்லுத் தேய்ந்துவிட்டது என்று கராஜ்காரர் சொல்லிவிட்டார். நானும் நம்பி, தடியை இடது கையால் அமத்திப் பிடித்தபடியே ஓட்டினேன்.

அப்படித்தான் ஒருநாள் வெள்ளவத்தைக்குப் பெண் பார்க்கப் போனோம், அம்மாவும் நானும். கொள்ளுப்பிட்டியில் தடி ஒருமுறை துள்ளியது. பம்பலப்பிட்டியில் இன்னொரு முறை. பெண் வீட்டு ஒழுங்கையில் திரும்பும்போது, என் பிடியையும் மீறி மறுபடி. அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு விரலை மடக்கிக்கொண்டார்.

பெண் தேத்தண்ணி கொண்டுவந்தாள். என்னையும் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை. யன்னலால் எங்கள் காரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டினால் இவளைத்தான் என்று தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிவு கட்டிவிட்டேன்.

அம்மா கோப்பையை வைத்தார். "குறை நினையாதேங்கோ. வரேக்க மூண்டு தரம் தடை வந்திட்டுது. இது சரிவராது போல கிடக்கு."

ஒரு இரும்புத் தடி என் கல்யாணத்தைக் குழப்புவதா? ஆனால் அம்மா வாசல் படலைக்கு வந்தாயிற்று. ஒழுங்கையோ ரயில் பாதையில் முட்டி முடிகிறது. வழக்கம்போல நான் தள்ளப் போனேன். பெண்ணின் அப்பா ரயில்வேப் பட்டறையில் போர்மன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உதவிக்கு வந்தவர், றிவேர்ஸ் கியர் உடைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, வாங்கிய நாளிலிருந்து போட்டதே இல்லை என்று சட்டத்தைச் சொன்னேன். தோளில் கிடந்த சால்வை விழும்வரை சிரித்தார். பிறகு என்ன தடை வந்தது என்று கேட்டார்; தடி துள்ளுவதையும், பல்லுத் தேய்ந்துவிட்டது என்று கராஜ்காரர் சொன்னதையும் சொன்னேன்.

அப்போது படலைக்குப் பின்னால் இருந்து அவளுடைய குரல் வந்தது.

"அப்பா, அப்ப அந்த றிவேர்ஸ் பல்லு இன்னும் புதுசுதானே. அதைப் போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. அதுவும் துள்ளினால் பல்லில பிழையில்லை. எல்லாத்தையும் பிடிச்சு வைச்சிருக்கிற பெட்டிதான் தேஞ்சிருக்கு."

"பின்னுக்கு எடுக்கேலாது பிள்ளை. நல்ல காரியத்துக்கு வந்த கார்" என்றார் அம்மா.

போர்மன் மிகவும் பணிவாகச் சொன்னார்: "அக்கா, அந்தக் காரியம் சரிவராது எண்டு இப்பதானே சொன்னீங்கள். வெறுங்கையோட போற காருக்கு என்ன சட்டம்?"

நான் பாய்ந்து ஏறி, பிறந்த நாளிலிருந்து சும்மா இருந்த கியரைப் போட்டேன். கார் ஒரு முனகலோடு பின்னுக்கு ஊர்ந்தது. படாரென்று தடி துள்ளியது. கியர் கழன்றதற்காகக் கைதட்டிய மனிதன் அன்று கொழும்பில் நான் ஒருவன்தான்.

கோளாறைக் கண்டுபிடித்தவர்களே திருத்தட்டும் என்று அம்மாவிடம் சொல்லி, அடுத்த ஞாயிறு அவர்கள் முற்றத்திலேயே கியர்ப் பெட்டியை இறக்கினோம். கல்யாணத்தைப் பற்றி நான் மூச்சும் விடவில்லை. அவள் சொன்னது சரி. பல்லெல்லாம் நல்ல பல்லு. தண்டைத் தாங்கும் பெயரிங் இருக்கும் துளைதான் பெட்டியில் தேய்ந்து மாங்காய் வடிவத்துக்கு வந்திருந்தது. தண்டு சாய, பல்லுகள் ஒன்றை ஒன்று தள்ளிவிட்டிருக்கின்றன. துளையைக் கடைந்து வட்டமாக்கி, அதற்குள் இறுக ஒரு வெண்கல வளையம் போட வேண்டும். அளவெடுக்கும் வேலை எனக்கு. அவள் தேத்தண்ணியோடு வரும்போதெல்லாம் அளவு பிழைத்தது. ஒரு கட்டத்தில் போர்மன் அளவுகோலை என் கையிலிருந்து வாங்கி, மகளை உள்ளே போகச் சொன்னார்.

கடைசல் வேலை பட்டறையில் முடிந்தது. பெட்டியைத் தேங்காய்ச் சிரட்டை நெருப்பில் சூடாக்கினோம். வளையத்தை மீன்காரரிடம் வாங்கிய ஐஸில் புதைத்துக் குளிர வைத்தோம். சூட்டில் துளை விரிய, குளிரில் வளையம் சுருங்க, உள்ளே வைத்ததும் 'டக்' என்று குந்திக்கொண்டது. எனக்குக் கூத்தாட வேண்டும் போல் இருந்தது. போர்மன் பக்கத்தில் நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

பிறகு அம்மாவை ஏற்றிக்கொண்டு மறுபடியும் வெள்ளவத்தைக்கு. தடியில் நான் கையே வைக்கவில்லை. அம்மா காலிமுகத்திடலில் கடலைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்க்கவில்லை, தடியையே பார்த்தபடி வந்தார். கொள்ளுப்பிட்டி போனது. பம்பலப்பிட்டி போனது. ஒழுங்கையிலும் திரும்பினோம். தடி அசையவில்லை.

அம்மா உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்தார், பயற்றம் பணியாரம் சாப்பிட்டார், மழையைப் பற்றிக் கதைத்தார். கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. போய்வாறம் என்று எழும்பியும் விட்டார். நானும் பின்னால் படலைக்கு வந்தேன். சந்தியில் நின்ற இளந்தாரிகளைக் கார் தள்ளுவதற்குக் கைகாட்டிக் கூப்பிட்டேன்.

முன்சீட்டில் இருந்த அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"ஏன் அவங்களைக் கூப்பிடுறாய்? என்ர மருமகள் திருத்தின கார். பின்னுக்கு எடு தம்பி."