தாடை இல்லாத மீன்

வீட்டில் என் வாயை அடக்க ஆளில்லை. மேடை ஏறினால் மட்டும் அந்த வாய் எங்கே போகுமோ தெரியாது. மூன்றாம் வகுப்பு மாறுவேடப் போட்டியில் ராணியாகப் போய், முதல் வரியே வராமல், அட்டை வாளைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். அதன்பின் ஒரு வருஷம் முழுக்க வகுப்பில் எனக்கு அழுமூஞ்சி ராணி என்றுதான் பேர். நான்காம் வகுப்பில் மறுபடி போட்டி வந்தபோது, காய்ச்சல் வரவேண்டும் என்று துஆ கேட்டேன்.

அத்தாவின் தம்பி, எங்கள் சாச்சா, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கடை வைத்திருந்தார். கல்வராயன் மலையிலிருந்து தேன் கொண்டுவருகிறவர்களுக்கு டின் அடித்துக் கொடுப்பார். அவர்தான் ஒரு பழைய படப்புத்தகத்தில் அந்த மீனைக் காட்டினார். பல கோடி வருஷங்களுக்கு முன்னால் கடலில் இருந்ததாம். தலை முழுக்க எலும்புக் கவசம், தாடை மட்டும் கிடையாது.

“தாடையே இல்லாத மீனு இன்னாத்தப் பேசும்? நீ சும்மா நின்னுட்டு வந்தா போதும்” என்றார். எனக்கு உயிர் வந்தது.

எண்ணெய் டின்களை வெட்டி மூன்று நாளில் கவசமும் வாலும் செய்துவிட்டார். கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டார், வாய்க்கு ஒன்றும் போடவில்லை. உள்ளே ஒரே நல்லெண்ணெய் வாசம்.

மேடையில் நடுவர் மைக்கை நீட்டி, என்ன வேஷம் என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். மறுபடி கேட்டார். கீழே என் வகுப்புக் கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. அப்போது கடைசி வரிசையிலிருந்து சாச்சா எழுந்தார்.

“அது பேசாதுங்க. அதுக்குத் தாடை கெடையாது.”

நடுவர் மைக்காலேயே என் தலையில் தட்டிப் பார்த்தார். டங்கென்ற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, தகர வாலை வீசிக்கொண்டு மேடையை இரண்டு சுற்று சுற்றினேன். மூன்று போலீஸையும் நான்கு டாக்டரையும் தோற்கடித்து முதல் பரிசு வாங்கினேன். பரிசாகக் கிடைத்த டிபன் பாக்ஸைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, கவசத்தைக் கழற்றாமலே கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தேன். அதன்பின் யாரும் என்னை ராணி என்று கூப்பிடவில்லை.

பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் பாடத்தில் அந்த மீன் மறுபடி வந்தது. தாடைதான் இல்லையாம், வாய் உண்டாம். தப்பான மீனாக நின்றா பரிசு வாங்கினோம் என்று மனசு கேட்காமல், அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ச் சாச்சாவிடம் சொன்னேன். அவர் தகரம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

“அந்தப் படப் புக்குலயே போட்டிருந்துச்சும்மா. வாயி இருக்குதுன்னு சொல்லியிருந்தா நீ மேடை ஏறியிருப்பியா?”