ராகமையில் வண்டி மாறுவது

யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டியவள் முதலில் கொழும்புப் பக்கம் போவாளா? மக்டலின் போவாள். புத்தளத்தில் பஸ் ஏறினால் வடக்கே நேராகப் போய்ச் சேரலாம். ஆனால் தூரப் பஸ் என்றால் அவளுக்குச் சத்தி, குடல் வாய்க்கு வரும். அதோடு, அரசாங்க ஆஸ்பத்திரியில் அட்டெண்டனாக இருந்து பென்சன் எடுத்தவள் அவள். அவளுக்கும் புருசன் அல்பேட்டுக்கும் சேர்த்து வருசத்தில் சில தடவை காசில்லாமல் போய்வர ரயில் வாரண்ட் கிடைக்கும். "அத அலுமாரிக்குள்ள வச்சுப் பூசை செய்யவா தாறாங்க?" என்பாள்.

ஆகவே ஊரான தலவிலையிலிருந்து பாலாவி வரைக்கும் சத்திக்குப் புளிப்புத் தேசிக்காயை மூக்கில் பிடித்தபடி பஸ். பாலாவியில் ரயில் ஏறி, அந்தப் புத்தளம் கோச்சியில் தெற்கே ராகமை. அங்கே இறங்கி, பாலம் ஏறி, அடுத்த மேடையில் வடக்கே போகும் நடுப்பகல் வண்டி. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற பயணம்தான். யுத்தம் முடிந்து யாழ்ப்பாணத்துக்குத் தண்டவாளம் திரும்பப் போட்ட நாளிலிருந்து அவளும் அல்பேட்டும் இப்படித்தான் மகள் மெரினாவிடம் போய் வந்தார்கள்.

இதில் உயிர் போகிற இடம் ராகமைதான். புத்தளம் கோச்சி ஒற்றைத் தண்டவாளத்தில் வருகிறது. எதிரே வண்டி வந்தால் அதற்கு வழிவிட்டுச் சும்மா நிற்கும். அது ராகமைக்கு வந்து சேர்கிற நேரமும் வடக்கு வண்டி புறப்படுகிற நேரமும் சில நாளில் ஒன்றாகிவிடும். அல்பேட்டுக்கோ, மீன்பிடி வள்ளத்தைக் கரைக்கு ஏற்றும்போது நசுங்கிய கால். அவர் அந்தப் பாலத்தை ஏறி இறங்குவதற்குள் ஒரு செபமாலை சொல்லி முடிக்கலாம்.

மக்டலின் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். பாலத்துப் படிக்கு நேரே நிற்கிற பெட்டியாகப் பார்த்து ஏறுவது. ராகமையில் வண்டி நிற்க முன்னமே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டம். வடக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் ஒரு கால், மேடையில் ஒரு கால். கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, கொடி காட்டும் கார்டைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒரு சத்தம்: "மஹத்தயா, பொட்டக் இன்ட! அபே மஹத்தயா எனவா!" கொஞ்சம் பொறுங்க, எங்கட ஐயா வாறார். எந்தக் கார்டும் கிழவி ஒருத்தியின் காலை இழுத்துக்கொண்டு போக மாட்டான். அல்பேட் கருவாட்டுப் பையோடு நொண்டி நொண்டி வந்து ஏறுவார். ஏறியதும், "ஆம்பிளையப் பின்னால விட்டுட்டு ஓடுறாளே, ஊர் சிரிக்காதா?" என்பார். "சிரிக்கட்டும். கோச்சி கிடைச்சுதா இல்லையா?" என்பாள் அவள். வவுனியா வரைக்கும் அவள் தோளில் சாய்ந்து குறட்டை விடுவார்.

தலவிலை அன்னம்மா கோயில் மார்ச் திருவிழா முடிந்த கிழமை, அல்பேட் கடலிலிருந்து வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கேட்டார். அவள் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் கதிரையிலேயே போய்விட்டார்.

இப்போது ஆகஸ்ட். நாளைக்குக் காலையில் யாழ்ப்பாணத்தில் பேத்திக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அன்னம்மா கோயிலில் மந்திரித்த மெழுகுதிரியைத்தான் பிள்ளை பிடிக்க வேண்டும், அதைத் தன் கையாலேயே கொண்டுவருவேன் என்று அல்பேட் பேத்திக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்தத் திரி இப்போது பேப்பரில் சுற்றி மக்டலினின் மடியில் இருந்தது. இன்றைக்கு வடக்கு வண்டியை விட்டால் பிள்ளை வேறு திரியோடுதான் கோயிலுக்குள் போகும்.

பாலாவி ஸ்டேசன் கவுண்டரில் வாரண்டை வாங்கிய ஆள் தலையை நிமிர்த்தி, "ஐயா வரல்லயா?" என்று கேட்டார்.

"இந்த முறை வரல்ல," என்றாள்.

பொய்யில்லைதானே. சவ அடக்கத்தன்று மெரினா கட்டிப்பிடித்து அழுதபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. வந்தவர்களுக்குக் கோப்பி கொடுத்தாள், கதிரைகளைத் திருப்பி அனுப்பினாள். அதற்குப் பிறகு வீட்டில் பேச ஆளில்லை. பேச ஆளில்லாத வீட்டில் எதையும் சொல்லத் தேவையும் வரவில்லை. அந்த வீட்டின் தனிமை லேசானதல்ல; பின்னேரங்களில் அடுப்பை மூட்டவே மனம் வராமல் வெறும் பாண் துண்டைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவாள்.

கோச்சி சிலாபம் தாண்டி ஒரு சின்ன ஸ்டேசனில் படுத்துவிட்டது. எதிர் வண்டியாம். மக்டலின் ஜன்னலால் எட்டி எட்டிப் பார்த்தாள். "அன்னம்மா தாயே, இந்தக் கோச்சிக்கு ஒரு உயிர் குடு," என்று முணுமுணுத்தாள். முன்பென்றால் பதற்றத்தை அல்பேட்டின் மேல் கொட்டலாம். அந்த மனுசன் வாங்கிக் கட்டிக்கொண்டு கடலை கொறிப்பார். பக்கத்தில் இருந்த பெட்டையோ போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ராகமை வந்தபோது அடுத்த மேடையில் வடக்கு வண்டி நின்றது. கார்ட் பச்சைக் கொடியை விரித்துவிட்டான். மக்டலின் சேலையைச் செருகினாள், திரியை நெஞ்சோடு அணைத்தாள், ஓடினாள். பாலத்தில் ஏறினாள். படியில் யாரோ அவளுக்கு வழிவிட்டார்கள். மூச்சிரைக்கக் கடைசிப் பெட்டியைப் பிடித்து, ஒரு காலை மிதிபலகையில் வைத்து, மறுகாலை மேடையில் ஊன்றிக் கத்தினாள்:

"மஹத்தயா, பொட்டக் இன்ட! அபே மஹத்தயா எனவா!"

கார்ட் கொடியைத் தாழ்த்தினான். இளம் பையன், நல்ல முகம். பாலத்தைப் பார்த்தான்.

மக்டலினும் பார்த்தாள். எங்க நிண்டுட்டுது இந்த மனுசன் என்று ஏச்சு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. படியில் இறங்கிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் இறங்கி முடித்தார்கள். பிறகு படி வெறுமையாகக் கிடந்தது. ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஏறியிருக்க வேண்டியவள் ஏறாமல் நிற்கிறாள். ஒரு முழுக் கோச்சியும் அல்பேட்டுக்காகக் காத்து நிற்கிறது.

"கோ, அம்மே? மஹத்தயா கோ?" எங்கே அவர் என்று கார்ட் பொறுமையாகத்தான் கேட்டான்.

வாறார் என்று சொல்ல மட்டுமே அவளுக்குச் சிங்களம் தெரியும். வர மாட்டார் என்பதை அவள் இதுவரை எந்தப் பாசையிலும் சொன்னதில்லை.

ஜன்னல்களில் தலைகள் நீண்டன. எவனோ விசிலடித்தான்.

மக்டலின் மேடையில் இருந்த காலைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அவர் செத்துப்போயிட்டார், மகன்," என்றாள் தமிழில். "கொடியக் காட்டுங்க."

அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டான், கொடியைக் காட்டினான். கோச்சி அசைந்தது. உள்ளே இடம் இருந்தும் மக்டலின் போய் உட்காரவில்லை. திரியைப் பிடித்தபடி வாசலிலேயே நின்று, அந்தப் படி கண்ணுக்குத் தெரிகிறவரைக்கும் பார்த்து, வாய்விட்டு அழுதாள்.