பின்னாடி நில்லு

தி.நகர் வீட்டில், கோபம் வந்தால் அப்பா பெல்ட்டைக் கழற்றுவார். அண்ணன்தான் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு அடி வாங்குவான். எங்கள் சிறுவயது முழுக்க அப்படித்தான் போனது.

அப்பா இறந்த பிறகும், யாராவது கதவைத் தட்டினால் அண்ணனுக்கு உடம்பு உதறும். மதுவிலக்கை எடுத்துக் கடைகள் திறந்ததும் குடிக்கத் தொடங்கினான். "குடிச்சாத்தான் படபடப்பு அடங்குது, பாப்பா" என்பான். சில வருடங்களில் காலையிலேயே குடித்தான்.

மஞ்சள் காமாலை வந்து, அம்மாவும் நானும் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடி நின்ற மூன்றாம் நாள், பட்டப்பகலில், கட்டிலிலிருந்து எழுந்து வாசலையே வெறித்தான். அங்கே யாரும் இல்லை.

"அப்பா வந்துட்டாரு. நீ என் பின்னாடி நில்லு" என்று என் கையைப் பிடித்து இழுத்தான்.

ஒரு கணம் நானும் வாசலைப் பார்த்தேன்.

டாக்டர் ஊசி போட்டு அவனைத் தூங்கவைத்தார். "திடீர்னு குடி நின்னதால வந்த பிரமைம்மா. சின்ன வயசுல விடாம பயந்த மூளை, ஆபத்து போன அப்புறமும் பயந்துக்கிட்டே இருக்கும். அதை அடக்கத்தான் குடிச்சிருக்கார்" என்றார்.

அண்ணன் பிழைத்தான். குடியை முழுசாக விட மேலும் இரண்டு வருடம் பிடித்தது. அதுவரை, அவன் வீடு திரும்பத் தாமதமான சாயங்காலங்களில் நான் ஜன்னலருகே நடுங்கிக்கொண்டு நின்றேன்.