மாடிக்கு ஏறிய படம்

சாரல் பிடித்து, அறை கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளாத ஒரு காலையில் தென்காசியிலிருந்து போன் வந்தது. "வக்கீல் வேலாயுதம் அண்ணாச்சி போயிட்டாவ." ரிசீவரைக் கையில் பிடித்தபடியே, என் லாட்ஜ் வாசலில் அவருக்காகக் கட்டிய சிமெண்டுச் சரிவைப் பார்த்தேன். யாரோ அதில் டிரங்குப் பெட்டியை இழுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவரைத் தெரிந்த எல்லோருக்கும் அவருடைய மூன்று சக்கர வண்டியையும் தெரியும். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் சூம்பிப் போனவர். கையால் சுற்றி ஓட்டும் அந்த வண்டியில்தான் கோர்ட்டுக்கு வருவார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சீசனுக்கு, ஐந்தருவி போகிற வழியில் இருக்கும் என் லாட்ஜில் மனைவியோடு தங்க வந்தார். வாசலில் உயரமான படிகள். நான் தாராள மனதோடு வேலையாட்களைக் கூப்பிட்டு, "ஏலே, சாரைப் பையத் தூக்கிட்டுப் போங்கலே" என்றேன். அவர் கை காட்டித் தடுத்தார். "நான் என்ன பலாப்பழமா அண்ணாச்சி, ரெண்டு பேர் தூக்கி எறக்குததுக்கு?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு சாரலில் நனைந்தபடி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சில நாளில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. வண்டி ஏற வழி வைக்க வேண்டியது என் கடமையாம். அப்படியொரு சட்டமே கிடையாது என்று என் வக்கீல் சொன்ன தெம்பில், கோர்ட் வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்துச் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார். "இதுக்குன்னு தனிச் சட்டம் இல்லதான், ஒத்துக்கிடுதேன். ஆனா பொதுமக்கள் தங்குததுக்குன்னு சொல்லித்தான லைசென்ஸ் வாங்கியிருக்கிய? நான் பொதுமக்கள் இல்லையா?"

சரிவைக் கட்டினேன். மனம் மாறி அல்ல, சீசன் நேரத்தில் கோர்ட்டுக்கு அலைய முடியாது என்றுதான். அடுத்த வருடம் வந்து, யாரும் தொடாமல் தானே ஏறினார். மேலே போய்ச் சேர்ந்ததும் வண்டி மணியை ஒரு தடவை அடித்தார். "தயவு ஒங்க மனசைப் பொறுத்தது அண்ணாச்சி. கடமைன்னா நீங்க ஊர்ல இல்லாட்டாலும் இருக்கும்" என்றார். அன்றிலிருந்து நண்பர்களானோம். அந்தச் சரிவைக் காட்டிப் பெருமையடிக்காத நாள் எனக்கு இல்லை.

இரங்கல் கூட்டத்தை ஏற்பாடு செய்தவன் நான்தான். லாட்ஜ் உரிமையாளர் சங்கத்தின் ஹாலில் வைத்தேன். அது மாடியில் இருக்கிறது. படம், மாலை, மைக் எல்லாம் நினைவுக்கு வந்தன. படிக்கட்டு மட்டும் வரவில்லை. வந்திருந்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. நான் அரை மணி நேரம் என் சரிவைப் பற்றித்தான் பேசினேன்.

முடிந்து இறங்கினால், தெருவில் கீழப்பாவூர் செண்பகம் தன் மூன்று சக்கர வண்டியில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். தையல் கடை வைத்திருப்பவர். ஒரு சினிமாக் கொட்டகை அவரை உள்ளே விட மறுத்தபோது அவருக்காக நோட்டீஸ் அனுப்பியவர் வேலாயுதம்.

"எப்பம்மா வந்த? ஒரு குரல் குடுத்திருந்தா தூக்கிட்டுப் போயிருப்போமே" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. செண்பகம் கோபப்படவில்லை. "நீங்க பேசினது கீழயும் நல்லாக் கேட்டுச்சு அண்ணாச்சி" என்றார். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

படத்தைக் கீழே கொண்டுவந்து நாற்காலியில் வைத்தோம். அவர் மாலை போட்டார். பத்து வருடப் பழக்கத்தில் வேலாயுதம் ஒரு நாளும் அந்த மாடிக்கு வந்ததில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை. "நான் பொதுமக்கள் இல்லையா?" என்ற கேள்வி ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் தன்னைத் தூக்க விடாத மனிதரை, கடைசியில் படமாக்கி நாங்கள்தான் மாடிக்குத் தூக்கிப் போனோம்.