கல்யாணக் கார்டில் வெட்டிய கெஸ்கட்

விரல் அகலத்தில் வளைந்த ஓர் அட்டைத் துண்டு. எண்ணெய் ஊறிக் கறுத்துப் போனது. ஓரங்களைப் பெற்றோல் தின்று நார்நாராக்கி இருந்தது. ஆனாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தங்க எழுத்தில் 'தங்கள் நல்வர' என்று தெரியும். மிச்சத்தைக் கத்தரிக்கோல் கொண்டுபோய்விட்டது. சவூதியில் இருந்த காலமெல்லாம் அதைப் பெட்டியின் அடியில், பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். யாருடைய கல்யாணக் கார்டு என்று அறையில் இருந்தவர்கள் கேட்பார்கள். என் மச்சானுடையது என்பேன். பொய் இல்லை. என் தங்கையைக் கட்டியவர் அவர். அவரை எனக்குப் பிடிக்காது. யாரையாவது நினைத்து எழுதினால் இரண்டு நல்ல வார்த்தை சேர்க்க வேண்டும் என்கிறார்கள். அது இறந்தவர்களுக்கு. மச்சான் உயிரோடு, என்னைவிட நல்ல உடம்போடு இருக்கிறார்.

மாத்தளை டவுனுக்குச் சற்று வெளியே தகரக் கூரை போட்ட கராஜ் ஒன்று அவருக்கு இருந்தது. த்ரீவீல் எஞ்சின் என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றிப் பூட்டுவார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் வாயில் எந்நேரமும் ஒரு சொல் குடியிருந்தது: ஷேப். எங்கள் நாட்டில் எல்லோரும் சொல்லும் சொல்தான். விருந்தில் சோறு குறைந்தால் ஷேப் பண்ணுவோம். புருஷன் பெண்சாதி சண்டை என்றால் அதையும் ஷேப் பண்ணுவோம். சரி செய்வது என்று அதற்கு அர்த்தம் இல்லை. சரியில்லாததைச் சரி போலக் காட்டி அன்றைய பொழுதைக் கடத்துவது, அவ்வளவுதான். மற்றவர்கள் வேறு வழியில்லாதபோது சொல்வதை மச்சான் வேலை தொடங்கும்போதே சொல்லுவார். தங்கை வீட்டுக் கூரை மழைக்கு ஒழுகிய ஒவ்வொரு வருடமும் அந்தச் சொல்லை நான் கேட்டிருக்கிறேன். கேட்டும் என் எஞ்சினை அவரிடம் கொண்டுபோனேன். சொந்த மச்சானை விட்டுவிட்டு வெளியாளிடம் கொடுத்தால் தங்கையின் முகத்தில் முழிக்க முடியாது.

லக்கலப் பக்கம் நீர்த்தேக்கம் நிரம்பி, வயலும் வீதியும் தண்ணீருக்குள் போயிருந்த காலம் அது. பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்கு மேலே தலை நீட்டி நிற்கும். கரைக்கு யானை வரும். சீகிரியாவுக்கு வரும் வெள்ளைக்காரர்களை அங்கே போட்டில் ஏற்றிக் காட்டலாம் என்று எனக்கு ஒரு யோசனை. முதல் தடவை சவூதி போய்த் திரும்பியபோது என் சின்ன மகள் என்னைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மறுபடி போவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்திருந்தேன். ஒரு ஃபைபர் போட் வாங்கினேன். நீர்கொழும்பு மீனவர் ஒருவரிடம் பழைய எஞ்சின் ஒன்றும் வாங்கினேன். சீகிரியாப் பக்கத்து ஹோட்டல் மெனேஜர் ஒருவர், ஒருமுறை தான் ஏறிப் பார்த்துவிட்டு ஆட்களை அனுப்புவதாகச் சொன்னார். போட் ஓடினால் நான் வீட்டில். ஓடாவிட்டால் சவூதியில். மச்சானுக்கு இது நன்றாகத் தெரியும்.

எஞ்சினை முழுதாகப் பிரித்துப் பூட்ட வேண்டியிருந்தது. அந்தப் பழைய எஞ்சினில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குப் போகாது. முதலில் கீழே கிராங்க்கேஸுக்குள் வந்து, பிஸ்டன் அழுத்தும்போது அங்கிருந்து மேலே போகும். அதனால் அந்தப் பெட்டிக்குள் துளிக் காற்றும் நுழையக் கூடாது. பெட்டி இரண்டு பாதி. இரண்டும் உலோகத்தோடு உலோகம் ஒட்டி நிற்க வேண்டும், ஏனென்றால் நடுவில் ஓடும் தண்டின் பெயாரிங்குகளைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த இரண்டு பாதிகள்தான். எஞ்சினை விற்றவர் போனில் இதைச் சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்: தின்னர் போட்டு இரண்டு முகத்தையும் கழுவு, சீலர் பசையை மெல்லிசாகப் பூசு, நடுவில் இருந்து இறுக்கிக்கொண்டு போ, இடையில் கெஸ்கட், அட்டை என்று எதையும் வைக்காதே. போனை மச்சானின் காதிலும் வைத்தேன். தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "கடல் ஆக்களுக்கு எல்லாம் பயம், மச்சான். த்ரீவீலுக்கு நடுவுல கெஸ்கட் வச்சுத்தானே பூட்டுறோம்? இதுவும் எஞ்சின்தானே?"

வேண்டாம் என்று அழுத்திச் சொல்லிவிட்டு, லைஃப் ஜாக்கெட் வாங்கத் தம்புள்ளைக்குப் போனேன். திரும்பி வந்தபோது எஞ்சின் பூட்டியாகிவிட்டது. துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"நடுவுல ஒன்னும் வைக்கல்லயே, மச்சான்?"

"நீங்க சொன்ன மாதிரிதான். சீலர் மட்டும்."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். தண்ணீர் நிரப்பிய பீப்பாவில் மாட்டி, ஸ்டார்ட் கயிற்றை இழுத்தோம், நன்றாகவே ஓடியது. அவரைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னேன். இப்போது அதை நினைத்தால் என் கைகள் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மெனேஜர் வெள்ளைச் சட்டையும் மினுங்கும் சப்பாத்துமாக வந்தார். பாதி நீர்த்தேக்கம் வரை எல்லாம் அழகாகத்தான் நடந்தது. நீர்க்காகங்கள் மரக்கொம்புகளில் சிறகு விரித்து உட்கார்ந்திருந்ததை அவர் போட்டோ எடுத்தார். திடீரென்று எஞ்சினின் சத்தம் மெலிந்து உயர்ந்தது. நான் கையை எடுப்பதற்குள் ஒரு கீச்சலோடு இறுகி நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. காற்று எங்களைப் பட்ட மரங்களுக்குள் தள்ளியது. போனுக்குச் சிக்னல் இல்லை. தூரக் கரையில் யானை ஒன்று நின்றது. அதைக் காட்டத்தான் கூட்டிப்போனேன், ஆனால் இரண்டு பேரும் அதை வேறு கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தோம். உட்காரும் பலகையைக் கழற்றித் துடுப்பாகப் போட்டேன். பொழுது சாயத்தான் கரை சேர்ந்தோம். மெனேஜர் கோபப்படவில்லை. சேற்றில் சப்பாத்தை வைத்து இறங்கி, மறுபடி பேசுவோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுபடி அவர் பேசவில்லை.

எஞ்சினை நானே திறந்தேன். இரண்டு பாதிகளுக்கும் நடுவில் மச்சானின் கல்யாணக் கார்டு. அச்சடித்து மிஞ்சிய கட்டு அவர் வீட்டில் கிடந்தது எனக்குத் தெரியும். நல்ல தடித்த அட்டை. அழகாக வெட்டி, போல்ட் ஓட்டையெல்லாம் அளவாகப் போட்டு வைத்திருந்தார். அட்டையின் கனத்துக்கு இரண்டு பாதியும் விலகி, பெயாரிங் பிடியில்லாமல் சுற்றித் தண்டையே அரைத்திருந்தது. பெற்றோலில் ஊறிய அட்டை பிய்ந்து, அந்த வழியே காற்றும் புகுந்திருந்தது. துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கராஜுக்குப் போனால், அங்கே அவர் நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: கடல் எஞ்சினுக்குக் குளத்துத் தண்ணி ஒத்துக்கொள்ளாது, மச்சானுக்கு அப்பவே சொன்னேன், கேட்கவில்லை. உள்ளே தங்கை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். திரும்பி நடந்தேன். அடுத்த பெருநாளுக்கு நான் சவூதியில். வாப்பா மௌத்தானபோது ஜனாஸாவை அடக்கியதைப் போனில்தான் பார்த்தேன். போனைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மச்சான். கை ஆடாமல் பிடித்திருந்தார்.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். மகள்கள் வளர்ந்துவிட்டார்கள். அதே நீர்த்தேக்கத்தில் வேறு ஆட்களின் போட்டுகள் ஓடுகின்றன. அவற்றின் எஞ்சின் எல்லாம் யாரிடம் வருகின்றன என்று நினைக்கிறீர்கள்? மெக்கானிக்கை இங்கே பாஸ் என்பார்கள்; 'போட் பாஸ்' என்றால் இன்றைக்குப் பல்லேகம வரை மச்சானைத் தெரியும். போன நோன்புப் பெருநாளுக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னால் ஒரு மேசை, ஒரு கால் குட்டை. டீ வைத்தாலே தளும்பியது. மச்சான் தன் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். பொறுக்க முடியாமல் சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். அதற்காகவே கொண்டுபோயிருந்தேன்.

கையில் எடுத்தார். போல்ட் ஓட்டையில் விரல் நுனியை வைத்துப் பார்த்தார். "இது போட் எஞ்சின் சைஸ். எந்த மடையன் மச்சான் இத வெட்டினது? கிராங்க்கேஸ் நடுவுல அட்ட வைக்க ஏலாதே. பெயாரிங் பிடிக்காது. இதுல எல்லாம் ஷேப் பண்ணப் போகக் கூடாது."

நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. தங்கை எட்டிப் பார்த்தாள். தங்க எழுத்தைக் கண்டாள். "நானா, இது எங்க கல்யாணக் கார்டு இல்லயா?" என்று அண்ணனான என்னைக் கேட்டாள். மச்சானின் முகம் மெல்ல மாறியது. அந்த முகத்துக்காகத்தான் இத்தனை வருடம் அந்தத் துண்டைப் பெட்டியில் வைத்துக் காத்திருந்தேன். ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன். அவர் துண்டைத் திருப்பினார், மறுபடி திருப்பினார், நாலாக மடித்தார். குனிந்து மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். மேசையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"இப்ப சரி. டீயக் குடிங்க, மச்சான்."

தங்கை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். குடித்தேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. போகும்போதெல்லாம் குனிந்து பார்க்கிறேன். மேசை ஆடுவதில்லை.